பேசுறதுக்கு எதுக்குக் காசு?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கே மறுபடி போட மாட்டேன். அந்தப் பெண்மணியின் பெயரை மறைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். மகளின் கவுன்சலிங் செலவுக்கு பைத்துல்மாலில், அதாவது ஊர் முஸ்லிம்களின் பொது உதவி நிதியில், ஏதாவது உதவி கிடைக்குமா என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் உம்மா கேட்டார். அதற்கு நம் பெரியவர் ஒருவர் போட்ட ஒற்றை வரிதான் வெள்ளிக்கிழமையிலிருந்து ஜோக்காக ஓடுகிறது: “பேசுறதுக்கு எதுக்குக் காசு?” கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். “எங்கிட்ட அனுப்புங்க, நான் ஃப்ரீயா பேசுறேன்” என்று ஒரு தம்பி. அவருக்கும் கைதட்டல்.

சரி, சிரித்து முடித்திருந்தால் கொஞ்சம் கேளுங்கள்.

பேசுவதற்குக் காசு கொடுக்காதவர்களா நாம்? பாகப்பிரிவினை வழக்கில் வக்கீலுக்குக் கொடுக்கவில்லையா? அவர் கோர்ட்டில் என்ன, மூட்டையா தூக்குகிறார்? மீலாது மேடைக்கு வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைத்து வருகிறோம். கார், ரூம், பிரியாணி, கிளம்பும்போது கவரில் ஹதியா. அவரும் பேசத்தானே செய்கிறார்? அப்போது யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரு பெண் பிள்ளை உயிரோடு இருப்பதற்காக ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும் என்றால் மட்டும் கால்குலேட்டர் வெளியே வருகிறது.

அந்தப் ‘பேச்சு’ என்ன என்று தெரியாதவர்களுக்கு: மருத்துவ உளவியலாளர் ஆக உளவியலில் மேற்படிப்பும் அதற்கான தனிப் பயிற்சியும் முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஆன்லைனில் வாரக் கடைசி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ‘லைஃப் கோச்’ என்று போர்டு மாட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ்கூட இல்லாமல் ‘இஸ்லாமிய கவுன்சலிங்’ நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் எதற்குக் காசு என்று ஏனோ யாரும் கேட்பதில்லை.

இப்போது காசுக்கு வருகிறேன். சென்னையில் ஒரு தடவை உட்கார்ந்து பேச ஆயிரம், ஆயிரத்து ஐநூறு என்பது சாதாரணம். அதற்கு மேலும் வாங்குகிறார்கள். வாரம் ஒரு முறை என்றால் மாதம் 4,000 முதல் 6,000 ரூபாய். ஒரு தடவை போய்விட்டு வந்தால் சரியாகிற விஷயமும் இல்லை, மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். துபாயில் கடையில் நிற்கிற சபுராளி அனுப்பும் பணத்தில் வாடகை, ஃபீஸ், கடன், உம்மாவின் சுகர் மாத்திரை எல்லாம் போக மிச்சம் என்ன? இதெல்லாம் தெரிந்துதான் அந்தப் பெண்மணி வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

உடனே ஒருவர் வருவார், “கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் இலவசம்தானே?” ஆமாம், இலவசம்தான். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, மாத்திரையும் கிடைக்கும், போகிறவர்களைத் தடுக்காதீர்கள். 2022 அக்டோபரில் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை வந்தது, 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் தாங்க முடியாமல் தவிக்கும்போது அந்த எண் பெரிய உதவி. ஆனால் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட முழுசாக இல்லை. உளவியலாளர்கள் நிலையும் அதேதான். அரசு மருத்துவமனை ஒன்றில் நான் பார்த்த டாக்டர் நல்ல மனுஷி. வெளியே அத்தனை கூட்டம். என் கதையைப் பாதி கேட்டதும் அவர் கண் கதவுப் பக்கம் போனது. அவரைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. மாத்திரை எழுதினார், அது வேலையும் செய்தது, தூக்கம் வந்தது. பேச வேண்டியது மட்டும் அப்படியே உள்ளே கிடந்தது.

இன்சூரன்ஸ்? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மன நோய்க்கும் காப்பீடு கொடுக்கச் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள், அநேகமாக அட்மிட் ஆனால்தான் பணம் வரும். நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு நடந்து திரும்பினால் பைசா வராது.

அடுத்த கமெண்ட் எனக்கு இப்போதே தெரியும். “ஈமான் (இறைநம்பிக்கை) பலமாக இருந்தால் இதெல்லாம் வராது, சகோதரி.”

வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு எனக்கும் இது வந்தது. ஐந்து நேரமும் தொழுதுகொண்டிருந்தபோதுதான் வந்தது. ஸஜ்தாவில் நெற்றியை வைத்தால் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது, அப்படியே கிடப்பேன். சாச்சி கண்ணூறு என்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், குடித்தேன். தாயத்து கட்டினார்கள், கட்டிக்கொண்டேன். தாயத்தையெல்லாம் ஏற்காத தவ்ஹீது வீட்டு மச்சி அதை ஷிர்க், இறைவனுக்கு இணைவைப்பது, என்று கழற்றச் சொன்னார், கழற்றினேன். இரண்டு தரப்புக்கும் என்மேல் உண்மையான பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் “உனக்கு என்னம்மா செய்யுது?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

மகன் யூசுபைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப் போனதை குர்ஆன் சொல்கிறது. அவர்களுக்கும் ஈமான் குறைவு என்று சொல்வீர்களா? பல்கீ என்று ஓர் அறிஞர், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். காரணம் தெரிந்து வரும் துயரம் வேறு, காரணமே தெரியாமல் உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் துயரம் வேறு என்று அன்றைக்கே பிரித்து எழுதினார். முதலாவதற்குப் பேச்சும் சிந்தனையும் மருந்து, இரண்டாவதற்கு உடம்புக்கான மருந்தும் வேண்டும் என்றார். ‘இஸ்லாமியப் பொற்காலம்’ என்று ஃபார்வர்டு அனுப்பும்போது மட்டும் அவரெல்லாம் நம்மவர். அவர் சொன்னதைச் செய்ய பைத்துல்மாலில் நூறு ரூபாய் கேட்டால் மேல்நாட்டுக் கலாச்சாரம்.

இந்தப் பக்கம் கைதட்டிக்கொண்டிருக்கும் முற்போக்குத் தோழர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். “தெரபி போங்க” என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவதும் கிட்டத்தட்ட “தொழு” என்று சொல்லிவிட்டுப் போவது போலத்தான். எங்கே போவது, யார் காசில் போவது என்று அதிலும் இல்லை. நான் கடன் வாங்கிப் போன முதல் கவுன்சலர் என் துப்பட்டாவைக் காட்டி, “இதை வீட்டில் போடச் சொல்லி ரொம்பக் கட்டாயமா?” என்று கேட்டார். நான் வாப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்! நாற்பத்தைந்து நிமிஷத்தில் பாதி என் துப்பட்டாவுக்கு வக்காலத்து வாங்குவதிலேயே போனது. அதற்கும் ஜிபே செய்துவிட்டுத்தான் வந்தேன். முஸ்லிம் உளவியலாளர்தான் வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. பிறகு எனக்குக் கிடைத்தவர் முஸ்லிம் இல்லை, தங்கமான மனுஷி. கணவரை இழந்த பெண் இருக்கும் இத்தா என்றால் என்ன என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார், உம்மாவின் அந்த நாலு மாதம் பத்து நாளில் வீடு எப்படி இருந்தது என்று என்னைச் சொல்ல வைத்தார். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை தேடுவதற்கும் காசு வேண்டும் என்பதுதான் என் பேச்சே.

“ஏன் நம்ம சமுதாயத்தை மட்டும் சொல்றீங்க, மத்த இடத்துல மட்டும் ஒழுங்கா இருக்கா?” இல்லை. எங்கும் ஒழுங்காக இல்லை. நான் என் வீட்டைப் பற்றித்தானே பேச முடியும்? “சங்கிகள் ஸ்கிரீன்ஷாட் எடுப்பான்.” எடுக்கட்டும். அந்தப் பெண்மணியின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பரப்பியது எந்தச் சங்கி?

மனநோயாளிகளைக் கொண்டுவரும் தர்கா இருக்கிற ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நம் ஊருக்குக் கூப்பிடு தூரம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் சங்கிலியோடு எரிந்து போனார்கள். அது தர்கா இல்லை, அதைச் சுற்றிக் காசுக்கு நடத்திய ‘விடுதி’. எல்லா மதத்துக்காரர்களும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட இடம். கவனியுங்கள், அதற்கும் குடும்பங்கள் காசு கொடுத்துத்தான் விட்டார்கள். கட்டிப்போடுவதற்குக் காசு கொடுக்கலாம், பேசுவதற்குக் கூடாதா? இன்றைக்கு ஏர்வாடியிலேயே துஆவோடு (பிரார்த்தனை) தவாவும் (மருந்து) சேர்த்துக் கொடுக்கும் திட்டம் வந்துவிட்டது. தர்காவுக்கு வருகிறவர்களை மனநல மருத்துவர் பார்க்கிறார். தர்காவே இறங்கி வந்தாச்சு, நம் வாட்ஸ்அப் குழு மட்டும் இறங்கவில்லை.

ஜகாத், அதாவது கட்டாய தர்மப் பணம், இதற்குச் செல்லுமா என்று கேட்கிறீர்கள். நான் மார்க்கம் படித்த ஆலிமா இல்லை, ஃபத்வா கொடுக்க மாட்டேன். ஜகாத் யாருக்கு என்று குர்ஆன் சொல்லும் எட்டு வகையினரில் முதல் இரண்டு பேர் ஏழையும் தேவையுள்ளவரும்தான். போன ரமலானில் இதே பைத்துல்மால் ஒருவருக்கு டயாலிசிஸ் செலவு கொடுத்தது, நல்ல காரியம், துஆ செய்தோம். சிறுநீரகம் என்றால் நோய், மனசு என்றால் நடிப்பா? அப்புறம், மனு போட்டது ஓர் ஆண் பிள்ளைக்காக என்றால் இத்தனை சிரிப்பு வந்திருக்குமா என்றும் யோசிக்கிறேன். பைத்துல்மால் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை. அந்த உம்மா யாரிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருப்பார்? வேறு வழியில்லாமல்தான் நானூறு பேர் இருக்கிற குழுவில் கேட்டார்.

அந்த ஸ்கிரீன்ஷாட் வந்ததிலிருந்து என் இன்பாக்ஸில் பிள்ளைகள் வருகிறார்கள். “ராத்தா, எனக்கும் இப்படித்தான் இருக்கு, ஆனா தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க, வெளில தெரிஞ்சா போச்சு.” இனி இவர்கள் யாரும் ஊரில் வாய் திறக்க மாட்டார்கள். ஒற்றை வரி ஜோக் செய்த வேலை அது.

அந்தப் பிள்ளையின் அடுத்த சில மாதக் கட்டணத்தை நாங்கள் சில பெண்கள் பிரித்துக்கொண்டோம். இன்னும் சேர விரும்புகிறவர்கள் தனியாக எழுதுங்கள், கணக்குக் காட்டுகிறேன். “யார் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆச்சா?” என்று கேட்டு மட்டும் எழுதாதீர்கள். நேற்றிலிருந்து பணம் தருகிறேன் என்று வந்தவர்களைவிட அதைக் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.