கம்பெரலிய லெஸ்டரின் முதல் படம் அல்ல

தம்பி, வெள்ளவத்தையில் நாலு பேர் தேத்தண்ணியோடு இருந்தால் சினிமாக் கதை வரத்தான் செய்யும். ஆனால் சிங்களத் திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸைப் பற்றி, "லெஸ்டரின் முதல் படம் கம்பெரலிய, நாவல் இல்லாமல் அவர் படமே எடுத்ததில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் முதல் முழுநீளப் படம் 1956இல் வந்த ரேகாவ. அதற்கு நாவல் ஏதும் இல்லை, திரைக்கதை அவரே எழுதியது. 1957இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. இலங்கைத் தியேட்டர்களில் வசூலாகவில்லை, அது வேறு கதை. அப்புறம் 1960இல் சந்தேசய. கம்பெரலிய வந்தது 1963இல்தான்.

நீங்கள் குழம்பியதற்குக் காரணம் விளங்குகிறது. கம்பெரலியவுக்கு மூலமான, சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944ஆம் ஆண்டு நாவல் அவ்வளவு பெயர் பெற்றது, படமும் 1965இல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது வாங்கியது. பெரிய வீட்டுப் பெண் நந்தாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வரும் இளைஞன் பியல், அந்தஸ்துக் குறைவால் தள்ளி நிறுத்தப்படுவதைப் படம் பெரிய வசனம் இல்லாமலே காட்டிவிடும். என்னைக் கேட்டால் நாவலைவிட அங்கே படம்தான் ஒரு படி மேல். அதற்கு ரெஜி சிறிவர்தனவின் திரைக்கதையும் ஒரு காரணம், அவர் பெயரை ஏனோ ஒருவரும் எடுப்பதில்லை.