ஏற்காட்டு ஊற்றுக்கு நிதி கேட்கும் முன் ஏப்ரலில் ஒரு வாளி பிடியுங்கள்

சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குக் கோடைத் தண்ணீர் வேண்டும் என்று எழுதப்படும் மனுக்களில் தொட்டியின் அளவு இருக்கும், செலவு இருக்கும், ஊர்க்காரர்களின் கையெழுத்தும் இருக்கும். ஊற்று ஏப்ரலில் எவ்வளவு சுரக்கிறது என்ற எண் மட்டும் இருக்காது. என் கருத்து இதுதான்: அந்த ஒரு எண் இல்லாத மனுவுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது. அந்த எண்ணோடு வரும் மனுவை வேறு எதற்காகவும் திருப்பி அனுப்பக் கூடாது.

காசே இல்லை என்பது பாதிதான் உண்மை. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஏற்காடு ஒன்றியத்தில் இதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டதுமே எழுந்து போகிற ஊர்கள் உண்டு. இதோடு, 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலும் மாவட்ட வன அலுவலர் பொறுப்பிலும் ஓர் அமைப்பு இருக்கிறது. வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் பணம் கான்கிரீட்டை நோக்கியே ஓடுவதுதான் பிரச்சினை.

வாளிக் கணக்கைப் பாருங்கள். விடியற்காலையில், யாரும் தண்ணீர் எடுக்கும் முன், ஊற்றிலிருந்து வழியும் நீரைக் களிமண் அணைத்து ஒரு துண்டுக் குழாய் வழியாகத் திருப்பி, 10 லிட்டர் வாளியில் பிடிக்க வேண்டும். நேரம் பார்க்க கைப்பேசி போதும். மூன்று முறை பிடித்துச் சராசரி எடுங்கள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை 15 நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே வாளியில். காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழையான பூ மழை பெய்த மறுநாள் எடுத்த அளவை நம்பாதீர்கள், ஒரு வாரம் தள்ளி மறுபடி எடுங்கள்.

வாளி நிரம்ப 100 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 லிட்டர், நாளுக்கு 8,640 லிட்டர். நாளுக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் 157 பேருக்குப் போதும். இரவு 10 மணி நேரத்தில் சேருவது 3,600 லிட்டர். ஆக, அந்த ஊருக்கு 5,000 லிட்டர் தரைமட்டத் தொட்டி தாராளம். ஆனால் மதிப்பீட்டில் எழுதப்படுவது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. யாரும் ஒரு சொட்டு எடுக்காவிட்டாலும் அது நிரம்ப மூன்றரை நாள் ஆகும். மேலே ஏற்ற மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம், அதற்குக் கட்டணம். மலைச்சரிவு தானாகக் கொடுக்கும் விசையை விட்டுவிட்டு ஊர் கரண்டு பில்லைச் சுமக்கிறது. ஊற்றைவிடத் தாழ்வாக, வீடுகளைவிட உயரமாக ஒரு இடம் கிடைத்தால் மோட்டாரே வேண்டாம்.

அடுத்தது ஊற்றுத் தொட்டி. ஒரு நல்ல ஊற்றைக் கொல்ல எளிய வழி அதன் கண்ணிலேயே கான்கிரீட்டைக் கொட்டுவது. கண்ணுக்கு முன்னால் பாறை தெரியும்வரை கையால் மண் எடுத்து, கழுவிய ஜல்லியை அடுக்கி, அதற்கு வெளியே சுவர் எழுப்ப வேண்டும். சுவரின் அடி பாறையில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நீர் அடியிலேயே நழுவும். எல்லாவற்றையும்விட முக்கியம் உபரிக் குழாயின் உயரம். அதன் வாய் ஊற்றுக்கண்ணைவிட ஒரு சாணாவது தாழ்வாக இருக்க வேண்டும். மேலே வைத்தால் தொட்டியில் தேங்கும் நீர் கண்ணைத் திருப்பித் தள்ளும். ஊற்று வேறு வெடிப்பைத் தேடிக்கொண்டு பத்தடி தள்ளிப் புறப்பட்டுவிடும். தொட்டி காய்ந்து கிடக்க, பக்கத்துக் காப்பிச் செடிகளுக்கு நடுவே சதசதவென்று ஈரம் கசிவதைப் பார்த்தால், காரணம் அநேகமாக இந்த ஒரு சாண்தான். "ஊற்று வற்றிவிட்டது" என்று கோப்பை மூடும் முன் அந்தக் குழாயைப் பாருங்கள்.

உபரிக் குழாய் விநியோகக் குழாயைவிட ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும், வாயில் வலை கட்டுங்கள். தொட்டிக்கு மேல்புறம் எட்டு பத்து மீட்டர் தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டினால்தான் மழைச் சேறு உள்ளே வராது. குழாய் எச்டிபிஇ எனப்படும் கறுப்பு பிளாஸ்டிக்காக, இரண்டடி ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். வெளியே கிடக்கும் பிவிசி வெயிலில் நொறுங்கும், காட்டுமாடு மிதித்தால் அன்றே முடிந்தது. குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைக்கும், அங்கே காற்று வால்வு. பள்ளத்தில் மண் தங்கும், அங்கே கழுவிவிடும் வால்வு. இந்த இரண்டையும் மதிப்பீட்டில் விட்டுவிட்டு, பிறகு "பிரஷர் இல்லை" என்று மோட்டார் கேட்கிறார்கள்.

குளோரின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் காப்பிப் பழம் அரைக்கும் நாட்களில் பழத்தோலை நீக்கும் பல்பர் இயந்திரத்தின் கழிவுநீர் ஊற்றுக்கு மேல்புறம் விடப்பட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அந்தப் புளித்த நீரே குளோரினைத் தின்றுவிடும். அளவைக் கூட்டுவது தீர்வல்ல, கழிவுக் குழியை இடம் மாற்றுவதுதான் தீர்வு. தோட்டக்காரரோடு பேசித்தான் ஆக வேண்டும்.

தோட்டக்காரரோடு இன்னொரு காரணத்துக்காகவும் பேச வேண்டும். இந்த மலை சார்னோகைட் என்ற கடினப் பாறை. மேலே மக்கிய மண்ணும் உச்சிகளில் பாக்சைட் மூடியும் கிடக்கும். மழை அந்த மண்ணில் இறங்கி, பாறை வெடிப்பு வழியாகத்தான் ஊற்றுக்கு வருகிறது. நீர் இறங்கும் இடம் ஊருக்குச் சொந்தமாக இருக்காது, எஸ்டேட் பட்டாவாகவோ காப்புக்காடாகவோ இருக்கும். அங்கே மூன்று மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் சரிவுக்குக் குறுக்கே விட்டுவிட்டு எடுக்கும் குழி ஒரு மழைக்கு 750 லிட்டர் பிடிக்கும். நூறு குழி என்றால் 75,000 லிட்டர். செலவு கூலி மட்டும்தான். பட்டா நிலம் என்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தொட்டி கட்டும் இடம் என்றால் ஊராட்சி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் பத்திரம் வேண்டும், வாய்ச்சொல் தணிக்கையில் நிற்காது.

காடு என்றதும் பலர் கைகழுவிவிடுகிறார்கள். தேவையில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு உள்ளிட்ட 13 வகை ஊர் வசதிகளுக்கு வனநிலம் தர வழி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஊற்றுத் தொட்டிக்கு ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை.

கீழே சேலம் மாநகருக்கும் இதே பாடம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். மார்க்கெட் காய்கறிக் கழிவில் சாண எரிவாயுக் கலம்போல ஒன்று அமைக்க நிதி கேட்பவர்கள், வாயுவை எரிக்கப்போகும் அடுப்பு யாருடையது என்று முதலில் எழுதட்டும். பக்கத்தில் தினமும் சமைக்கும் உணவகம் இல்லை என்றால் கலம் வேண்டாம், உரமாக்குங்கள். ஒரு கன மீட்டர் வாயு அரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குக்கூட ஈடாகாது. குழாய் போட்டு நெடுந்தூரம் கொண்டுபோகக் கட்டுப்படியாகாது.

மனுப் படிவத்தில் "புதுமை" என்று ஒரு கட்டம் இருந்தால் ஊர்கள் சென்சாரும் செயலியும் எழுதத் தொடங்கிவிடுகின்றன. நாகலூரிலோ மாரமங்கலத்திலோ ஒரு சுய உதவிக்குழுப் பெண் கையில் இருக்கும், வாளி அளவுகளை எழுதிவைக்கும் ஊற்று நோட்டு அதைவிடப் பெரிய புதுமை. அதற்குப் பணம் தர விதி வேண்டும். ஒப்புதலாகும் தொகையில் பத்தில் ஒரு பங்கை மூன்றாண்டுப் பராமரிப்புக்கென்று தனியே வைத்து, அளவெடுப்பதற்கும் வலை மாற்றுவதற்கும் குழி தூர் வாருவதற்கும் மாதாமாதம் அந்தக் குழுவுக்கே கொடுக்க வேண்டும். கட்டிய வேலையை எம் புக் எனப்படும் அளவுப் பதிவேட்டில் ஏற்றிப் பில் போட்டதும் கணக்கு முடிவதால்தான் ஐந்தாம் ஆண்டில் அதே ஊற்றுக்கு மறுபடி மதிப்பீடு போடுகிறோம். ஊர்க்காரர்கள் வெட்டும் குழிக்கும் கூலி விகிதப்படி விலை போட்டு அவர்கள் பங்காக ஏற்க வேண்டும்.

நாட்காட்டி சாதகமாகவே இருக்கிறது. மார்ச் 22 கிராம சபையில் அளவெடுக்க ஆளை நியமியுங்கள். ஏப்ரல் முழுக்க அளவு. மே 1 கிராம சபையில் தீர்மானம். குழிகளை மழைக்கு முன்பே வெட்டிவிடலாம், தொட்டி வேலை மட்டும் ஜனவரிக்குப் பிறகு. மழை நாளில் ஊற்றுக்கண் எது, வழிநீர் எது என்றே தெரியாது. தீர்மானத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஊற்றின் பெயர், சர்வே எண், அளவெடுத்த தேதிகள், வாளி நிரம்பிய விநாடிகள், வீடுகளின் எண்ணிக்கை, நிலம் யாருடையது, நோட்டு யார் கையில் இருக்கும்.