மணலில் ஓட்ட பீட்லாக் வேண்டுமா?

அமீரகத்தில் பாலைவன மணலில் வண்டி ஓட்டப் போகிற நம்ம ஆட்களிடம் இப்போது பீட்லாக், அதாவது டயரின் விளிம்பை ரிம்மோடு போல்ட் போட்டுப் பூட்டும் வீல் மேல் ஆசை கூடிக்கொண்டே வருகிறது. வண்டி கைக்கு வந்த சூட்டோடு வீல் விலை விசாரிக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார நாளில் ஷேக் சயீத் ரோட்டில் ஆபீஸ் போய்வந்து, சனி ஞாயிறில் அல் பதாயரிலோ ஸ்வெய்ஹானிலோ மணல் ஏறுகிறவருக்கு பீட்லாக் தேவையில்லை. அந்தப் பணத்தை டயரிலும், காற்றடிக்கும் நல்ல கம்ப்ரசரிலும் போடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். டயரின் உள்விளிம்பில் ரப்பருக்குள் எஃகுக் கம்பி வளையம் புதைந்திருக்கிறதே, அதுதான் பீட். சாதாரண ரிம்மில் அதைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தமும், ரிம்மில் இருக்கும் ஒரு சின்ன மேடும்தான். ரோட்டில் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ இருக்கும்வரை கவலையில்லை. மணலில் 15, 12 என்று இறக்குகிறோம். டயர் நீளவாக்கில் படிந்து மணலுக்குள் புதையாமல் போகிறது. ஆனால் பீட்டைப் பிடித்திருந்த அழுத்தமும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. சரிவில் குறுக்காகப் போகும்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், கீழ்ப்பக்கத்து முன் டயரை மணல் பக்கவாட்டில் தள்ளும், பீட் அந்த மேட்டைத் தாண்டிவிடும். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இதைத்தான் பாப் அவுட் என்கிறோம்.

நான் பார்த்த பாப் அவுட்களில் பெரும்பாலானவை ஸ்டியரிங்கால் வந்தவை. சரிவில் நின்றுபோனால் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள். சக்கரத்தை நேராக்கிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் இறங்கினால் பாதிப் பிரச்சினை வராது. இந்தப் பழக்கம் வராதவருக்கு எந்த வீலும் உதவாது.

பீட்லாக் வேலை செய்யும் விதத்தில் எந்தக் குறையும் இல்லை. வெளிப்பக்க பீட்டை ரிம்முக்கும் ஒரு தனி வளையத்துக்கும் நடுவில் வைத்து, சுற்றிலும் இருபது முப்பது போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். காற்று மொத்தமாகப் போனாலும் அந்தப் பக்கம் நகராது. கலிபோர்னியாவின் ஜான்சன் வேலியில் 2007 முதல் நடக்கும் கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் மாதிரிப் போட்டிகளில் அது இல்லாமல் முடியாது. பாறை ஏறுகிறவர்கள் 8, 5 பிஎஸ்ஐ வரை இறக்கி, டயர் பாறையைக் கவ்விக்கொள்ளும்படி செய்கிறார்கள். இங்கேயும் லிவாவில் தல் மொரீப் மாதிரி ராட்சத மேடுகளில் போட்டிக்கென்று வண்டி கட்டுகிறவர்கள் வாங்கட்டும், நியாயம். ஆனால் ஒன்று, பெரும்பாலான பீட்லாக்கில் பூட்டு வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான். உள்பக்க பீட் பழையபடி காற்றை நம்பித்தான் நிற்கிறது. இதை விற்கிறவர் சொல்வதில்லை.

வாங்கியபிறகு வரும் வேலையைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு போல்டையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, எதிரெதிராக, பல சுற்றாக இறுக்க வேண்டும். ரப்பர் நசுங்கி அமர அமர போல்ட் தளரும். அதனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி, அப்புறம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நாலு வீலுக்குமாக நூறு போல்ட் என்று வையுங்கள். வீலின் எடை கூடும், பேலன்ஸ் செய்வது சிரமம், 120 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆடலாம். வழியில் பஞ்சர் என்றால் சாதாரணக் கடைக்காரர் தொடவே தயங்குவார். பல தயாரிப்பாளர்களே சாலைக்கு அல்ல என்று எழுதித்தான் விற்கிறார்கள். முல்கியா (வண்டியின் பதிவு அட்டை) புதுப்பிக்க பாசிங் என்கிற வண்டிப் பரிசோதனைக்குப் போகும்போதும், விபத்து என்று இன்சூரன்ஸ்காரர் முன்னால் நிற்கும்போதும் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது போலி பீட்லாக் மேல்தான். சாதாரண அலாய் வீலின் முகத்தில் வளையம் மாதிரி வார்த்து, சுற்றிலும் அலங்கார போல்ட் பதித்து விற்கிறார்கள். பார்க்க அழகாக இருந்தால் சரி என்பவர் வாங்கிக்கொள்ளட்டும். அதை நம்பி ஒருவர் 6 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டால் என்ன ஆகும்? கண்டுபிடிப்பது எளிது. உண்மையானதில் டயரின் வெளி விளிம்பு வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். போலியில் அது எல்லா வீலையும் போல ரிம்மின் உதட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். நடுவில் இன்னொரு வகை உண்டு. ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்க்வாட்ச் பேக்கேஜில் வரும் 17 அங்குல வீல் பீட்லாக்குக்குத் தயாரானது, அவ்வளவுதான். கம்பெனி மாட்டி அனுப்பும் வளையம் அழகுக்கு. பிடிக்கிற வளையத்தைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

அந்தப் பணத்தில் நான் செய்யச் சொல்வது ரிம் அளவைக் குறைப்பது. நிசான் பட்ரோல் ஒய்62-இல் 20 அங்குல ரிம்முக்கு 275/60 டயர், அதாவது அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம். அதன் பக்கச்சுவர் 165 மில்லிமீட்டர். அதே வண்டிக்கு 18 அங்குலத்தில் வரும் 265/70 போட்டால் பக்கச்சுவர் 185 ஆகிறது, மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். அந்த 20 மில்லிமீட்டர் ரப்பர் மணலில் தரும் வித்தியாசத்தை முதல் மேட்டிலேயே உணரலாம். சின்ன ரிம் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாப் அவுட் ஆனால் ஆகட்டும், ஒன்றும் குடி மூழ்கிவிடாது. ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை வைத்துத் தூக்கி, ரிம்முக்கும் பீட்டுக்கும் நடுவில் இருக்கும் மணலைத் துடைத்தெடுங்கள். இதில் அவசரப்பட்டால் காற்று நிற்காது. வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரசரை மாட்டினால் காற்று வேகமாக ஏறும், பீட் சத்தத்தோடு போய் உட்காரும். பிடிக்கவில்லை என்றால் டயரைச் சுற்றி ராட்செட் பெல்ட் கட்டி இறுக்கிப் பாருங்கள். எரிகிற ஸ்ப்ரே அடித்துக் கொளுத்தும் வித்தையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது வெடிப்பு, கையும் முகமும் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பீட்லாக்தான் வேண்டும் என்றால், உதிரி போல்ட் தனியாகக் கிடைக்கிற, டார்க் அளவை எழுத்தில் தருகிற தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் டயரின் பீட் தடிமனுக்கு வளையம் சமமாக அமர்கிறதா என்று மாட்டும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றுகிற நாளில், வால்வ் ஊசியை எடுத்து டயரில் துளிக் காற்றும் இல்லை என்று உறுதியானபிறகே முதல் போல்டைத் தொடுங்கள். காற்றோடு கழற்றினால் அந்த வளையம் பறந்து வந்து ஆளை அடிக்கும்.