கொல்லைப்புறத்தில் ஒரு கம்பி

டெக்சாஸில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அமெச்சூர் வானொலி, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்வது, என் பழக்கம்; அதற்கான ஆன்டெனாவாகக் கூரை விளிம்பிலிருந்து கொல்லையில் நிற்கும் ஓக் மரம் வரை நான் கட்டியிருந்த செப்புக் கம்பியை முப்பது நாட்களுக்குள் அகற்ற வேண்டுமாம். கொடிக்கயிற்றைவிட மெல்லிய, கறுப்பு உறையிட்ட அந்தக் கம்பி, தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. அதன் நீளம் 20 மீட்டர். அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டராக உள்ள 40 மீட்டர் பேண்டு என்னும் அலைவரிசைக்கு அரை அலைநீள ஆன்டெனா அவ்வளவு நீளந்தான் வரும். அதில் என் விருப்பம் எதுவுமில்லை.

மாநில அரசுகளும் நகராட்சிகளும் அமெச்சூர் வானொலிக்கு நியாயமான அளவில் இடமளிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985இல் பிறப்பித்த பிஆர்பி-1 ஆணை சொல்கிறது. ஆனால் வீடு வாங்கும்போது நாம் ஏற்றுக்கொள்ளும் சங்க நிபந்தனைகளை அது தொடுவதில்லை. அதே ஆணையம் 1996இல் வகுத்த விதியோ, ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ்ஷை ஒருவர் தம் சொந்த இடத்தில் வைத்துக்கொள்வதைச் சங்கங்களும் தடுக்க முடியாது என்கிறது. தொலைக்காட்சி பார்ப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தேர்வெழுதி உரிமம் வாங்கிய ஹாமுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரருக்கு, கிடையாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதைச் சரிசெய்ய வந்த மசோதா 2016இலும் 2017இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

“தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்றார் நண்பர் ஒருவர். உண்மைதான். ஆனால் இந்தப் புறநகரில், பிள்ளைகளின் பள்ளிக்கு அருகில், சங்கம் இல்லாத வீடு ஒன்றைத் தேடி அலைந்தவர்களுக்கே அந்தக் கையெழுத்தின் அருமை தெரியும். அறுபதடிக் கோபுரத்துக்கு நான் அனுமதி கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் அப்படியொன்று எழுந்தால் நானே முகம் சுளிப்பேன்.

இப்போது கம்பி கூரைக்கடியில், பரணுக்குள் மடங்கிக் கிடக்கிறது. முன்பு விடியற்காலையில் தெளிவாகக் கேட்ட மோர்ஸ் ஒலிகள், வீட்டு எல்இடி விளக்குகளும் சோலார் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சலில் அமுங்கிப் போகின்றன.

தேசியக் கொடியேற்றுவதைச் சங்கங்கள் தடுக்கக்கூடாது என்று 2006இல் ஒரு சட்டம் வந்தது. கொடிக்கம்பத்துக்குள் ஆன்டெனாவை ஒளித்துவைக்கும் ஹாம்கள் இங்கே உண்டு. நானும் ஒரு கம்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கொடியைப் பற்றி மட்டுமே இருக்கும்.