ஐகான் வந்துவிட்டால் இன்ஸ்டால் முடிந்ததா?

இசை சாஃப்ட்வேர் பற்றி இன்பாக்ஸில் வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "அண்ணே, எஃப்எல் ஸ்டுடியோ போடவா, ரீப்பர் போடவா, கியூபேஸ் போடவா?" எதை வேண்டுமானாலும் போடுங்கள் தம்பி என்றால் சிலருக்குக் கோபம் வருகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முளைப்பாரிப் பாட்டு, கிடாவெட்டுக்கு ஒரு சாமி பாட்டு, கல்யாண வீடியோவுக்கு ஒரு பிட்டு என்று மதுரையைச் சுற்றி வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு இவற்றில் எதுவும் போதும். நான் அடித்துச் சொல்ல விரும்புவது வேறு. டெஸ்க்டாப்பில் ஐகான் வந்ததோடு இன்ஸ்டால் முடிந்துவிட்டதாக நினைக்கிறோமே, அங்கேதான் பாட்டு கெட்டுப்போக ஆரம்பிக்கிறது.

ரீப்பரோ கியூபேஸோ ஏபிள்டனோ, புதிதாக ஒரு புராஜெக்டைத் திறந்து பாருங்கள். டெம்போ 120, அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு. தாளம் 4/4, சுற்றுக்கு நான்கு தட்டு. கட்டங்கள் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டைப்படையில் பிரிந்து நிற்கும். சுருதி 440 ஹெர்ட்ஸ். சுரங்களைக் கட்டத்தில் வரைகிற பியானோ ரோலின் இடது ஓரத்தில் சி, டி, இ என்று மேற்கத்திய சுரப் பெயர்கள். இதில் எதையும் நம்மிடம் கேட்டு வைக்கவில்லை. ஹாம்பர்க்கிலும் (கியூபேஸ்) பெர்லினிலும் (ஏபிள்டன்) உட்கார்ந்து செய்தவர்கள், தாங்கள் கேட்டு வளர்ந்த இசைக்குத் தோதாக வைத்தார்கள். குற்றம் ஒன்றும் இல்லை. நம் ஊர் நையாண்டி மேளத்தை அதற்குள் கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல்.

கரகாட்டத்துக்கு அடிக்கிற வேக அடி பெரும்பாலும் திஸ்ரத்தில் போகும். ஒரு தட்டுக்கு மூன்று. பம்பை, உறுமி, தவில் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் விளையாடும். எதையும் கட்டத்தோடு ஒட்ட வைக்கிற ஸ்னாப் ஆன் ஆகி இருக்கிற 4/4 கட்டத்தில் அந்த அடியைக் கீபோர்டில் வாசித்து, அடிகளைக் கோட்டுக்கு நகர்த்துகிற குவான்டைஸ் கொடுத்தால், மூன்றில் விழுந்த அடியைப் பிடித்து இழுத்துப் பதினாறில் உட்கார வைத்துவிடும். கேட்டால் தாளம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆட்டக்காரருக்குத்தான் கால் எழும்பாது. திருவிழாப் பாட்டெல்லாம் இப்போது ஒரே மாதிரி இருக்கிறது என்று பாடகரையும் எழுதியவரையும் திட்டுகிறோம். நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஸ்னாப் பட்டனை.

கட்டத்தை டிரிப்லெட்டுக்கு, அதாவது தட்டுக்கு மூன்றாக, மாற்றுவது பெரிய வித்தை இல்லை. எஃப்எல் ஸ்டுடியோவில் அடிகளைக் கட்டம் கட்டமாக வைக்கிற ஸ்டெப் சீக்வென்சர் 16 கட்டத்தோடு திறக்கும், ஒரு பீட்டுக்கு நான்கு ஸ்டெப். அதை மூன்றாக்கினால் ஒரு சுற்று 12 ஆகிவிடும். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு வேண்டுமென்றால் 7/8 வைத்து, தாளம் காட்டுகிற கிளிக் சத்தத்தின் அழுத்தத்தை மூன்று, நான்கு என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இதைச் செய்யச் சொன்னால் யாருக்கும் சோம்பல் வரும். அதற்குத்தான் டெம்ப்ளேட். எல்லாவற்றையும் ஒரு முறை நமக்கு ஏற்றபடி மாற்றி சேமித்துவிட்டு, புது புராஜெக்ட் என்றால் இந்த ஃபைல்தான் திறக்க வேண்டும் என்று சாஃப்ட்வேரிடம் சொல்லிவிடலாம். ரீப்பரில் பிரிஃபரன்ஸுக்குள் புராஜெக்ட் பக்கத்தில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த இடத்தை நிரப்பும்போதுதான் இன்ஸ்டால் முடிகிறது.

சரி, அதற்கு முன்னால் சத்தம் வர வேண்டுமே. "அண்ணே, போட்டாச்சு. பிளே அடிச்சா கோடு ஓடுது, சத்தத்தைக் காணோம்" என்று மேலூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். புதிதாகப் போடுகிற எல்லோருக்கும் வருகிற பிரச்சினை இது. சாஃப்ட்வேர் சவுண்டு கார்டோடு எந்த டிரைவர் (அதை இயக்குகிற சின்ன சாஃப்ட்வேர்) வழியாகப் பேச வேண்டும் என்று ஆடியோ செட்டிங்கில் நாம்தான் காட்ட வேண்டும். ஏஸியோ என்பது 1997இல் ஸ்டெய்ன்பெர்க் கொண்டுவந்த முறை. விண்டோஸின் மிக்ஸர் வழியாகச் சுற்றாமல் சாஃப்ட்வேரும் சவுண்டு கார்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கியவர்கள் அதன் கம்பெனி தருகிற ஏஸியோ டிரைவரைப் போட்டால் போதும். ஏஸியோ4ஆல் என்பது சொந்த ஏஸியோ டிரைவர் இல்லாத சாதாரண சவுண்டு கார்டுகளுக்கானது. அது என்னவோ, நம் ஆட்கள் இரண்டையும் போட்டுவிட்டு எது ஓடுகிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அதே பக்கத்தில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும், சத்தத்தின் குட்டித் துண்டுகளான சாம்பிள்களை ஒரு தடவைக்கு எத்தனை சேர்த்து அனுப்ப வேண்டும் என்கிற கணக்கு. அதை யாரும் தொடுவதில்லை, ஆனால் கலைஞரைக் கூப்பிட்டு வாசிக்க வைப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான எண் கிடையாது. நொடிக்கு 44,100 சாம்பிள் ரேட்டில் பஃபர் 1024 என்றால் ஒரு வழிக்குச் சுமார் 23 மில்லி செகண்ட். மைக்கில் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வர 46க்கும் மேல். 160 டெம்போவில் திஸ்ரத்தின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 125 மில்லி செகண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளித் தன் அடியைத் தானே கேட்கிற உறுமிக்காரர் எப்படி வாசிப்பார்? கோவிலில் விடிய விடிய பிசகாமல் அடிக்கிறவர் இங்கே தடுமாறுகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? "பெரியவருக்கு ஸ்டுடியோ பழக்கம் இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். ரெக்கார்டிங்கின்போது 128க்கு இறக்குங்கள், ஒரு வழிக்குச் சுமார் 3 மில்லி செகண்டுக்கு வந்துவிடும். மிக்ஸிங்கின்போது பழையபடி 1024க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில், மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்போனுக்குத் தருகிற டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், அதை அழுத்திவிடுங்கள்.

வேறு சில சில்லறை விஷயங்கள். விண்டோஸில் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் சில பிளகின்கள் (சாஃப்ட்வேருக்குள் செருகுகிற வாத்திய, எஃபெக்ட் துணைகள்) ஃபைல் பாதையைப் படிக்கத் தெரியாமல் முழிக்கும். யூசர் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிரிசெட்டுகள் (சேமித்து வைத்த செட்டிங்குகள்) எல்லாம் மேகத்துக்குப் போய்விட்டு வேண்டும் என்கிறபோது வராது. ரெக்கார்டிங்கில் டப் டப் என்று சத்தம் வெடித்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள், பல லேப்டாப்பில் காரணம் அந்த டிரைவர்தான். சித்திரை வைகாசி வெயிலில் லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு செட்டிங் கிடையாது, ஃபேன்தான்.

இப்போது கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி. பென்டிரைவில் "ஃபுல் வெர்ஷன்" ஏற்றிக் கொடுப்பதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடு, அப்டேட் கேட்டால் வேண்டாம் சொல்லு, நெட்டைக் கழற்றிவிடு என்று மூன்று நிபந்தனை வேறு. திருட்டு என்பதைத் தனியாகப் பேசலாம். பாட்டை யாராவது எடுத்துப் போட்டுவிட்டால் ஊரைக் கூட்டுகிற நாம் அதைப் பேசத்தான் வேண்டும். எனக்கு அதைவிட உறுத்துவது, கிராக் போட்டவர்கள் அதற்கப்புறம் எதையும் தொடப் பயப்படுகிறார்கள். செட்டிங்கை மாற்றினால் திறக்காமல் போய்விடுமோ, அந்த அண்ணன் திரும்ப வந்து போட்டுத் தருவாரோ மாட்டாரோ என்று அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் "நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். ஓடுகிறது, 120இல், 4/4இல்.

காசு இல்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அதற்குத்தான் வழி இருக்கிறது. எல்எம்எம்எஸ் இலவசம், வேவ்ஃபார்ம் ஃப்ரீ இலவசம். எஃப்எல் ஸ்டுடியோவின் ட்ரையலில் பாட்டை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம், சேமித்த புராஜெக்டைத் திரும்பத் திறக்கத்தான் காசு கட்ட வேண்டும். கட்டிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற அப்டேட்டுகளுக்கு வாழ்நாள் முழுக்கக் காசு கேட்பதில்லை. ரீப்பர் 60 நாள் முழுதாகத் திறந்து கொடுக்கிறது. அதன்பின் தனிநபருக்கும் சிறிய வருமானக்காரருக்கும் 60 டாலர், நம் காசுக்கு ஐயாயிரம் சொச்சம். இறக்குவதற்குச் சுமார் 15 எம்பிதான், செல்போன் ஹாட்ஸ்பாட்டிலேயே வந்துவிடும். இன்ஸ்டால் செய்யும்போது போர்ட்டபிள் என்று ஒரு வாய்ப்பு வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் சாஃப்ட்வேரும் நாம் மாற்றிய செட்டிங் அத்தனையும் ஒரே ஃபோல்டரில் பென்டிரைவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். உசிலம்பட்டியில் நண்பர் வீட்டு கம்ப்யூட்டரில் செருகினாலும் நம் டெம்ப்ளேட், நம் ஷார்ட்கட், நம் கலர். இதற்காகவே நான் ரீப்பர் பக்கம் சாய்ந்தவன். பாரபட்சம் இருப்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ரீப்பரைச் செய்தவர் ஜஸ்டின் ஃபிராங்கல். பெயர் தெரியாவிட்டாலும் அவர் வேலை நமக்குத் தெரியும், வின்ஆம்ப் அவர் செய்ததுதான். பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, பாட்டு கேட்பதைவிட வின்ஆம்ப்புக்கு ஸ்கின் மாற்றுவதில்தான் பாதி நேரம் போகும். அந்தப் பழக்கம் ரீப்பருக்கும் வந்திருக்கிறது. தீம், ஐகான், டூல்பார் என்று எதை வேண்டுமானாலும் மாற்றலாம், உலகம் முழுக்க ஆட்கள் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். நம் தம்பிகள் முதலில் இறங்குவதும் இங்கேதான். கறுப்புப் பின்னணி, ஊதா நியான் விளக்கு, விமானி அறை மாதிரி ஒரு மிக்ஸர். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாயிற்று. உள்ளே டெம்போ இன்னும் 120தான். அழகு வேண்டாம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. என்னிடமும் நான்கைந்து தீம் இருக்கிறது. அது கடைசி வேலையாக இருக்கட்டும் என்கிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களில் உண்மையிலேயே வேலைக்கு உதவுவது இரண்டு. ஒன்று அளவு. நம்மில் பலரிடம் இருப்பது 1366க்கு 768 ஸ்கிரீன் லேப்டாப். பெரிய பிளகினைத் திறந்தால் அதன் அடிப்பாகம் டாஸ்க்பாருக்குக் கீழே போய்விடும், பிளகினை அணைக்கிற பைபாஸ் பட்டன் எங்கே என்று தேடுவோம். பல பிளகின்களுக்குள் யூஐ ஸ்கேல் என்று அதன் அளவை மாற்றுகிற ஒன்று இருக்கும், 75 சதவீதம் வையுங்கள். பயன்படுத்தாத டூல்பார்களை மூடுங்கள். இருக்கிற இடம் ட்ராக்குகளுக்குப் போகட்டும்.

இரண்டாவது பெயர். ட்ராக் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். ரீப்பரில் தாராளமாக வருகிறது. "ஆடியோ 07" என்று இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தவில்காரர் ஸ்கிரீனைப் பார்க்கவே மாட்டார், கையைக் கட்டிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார். தவில், பம்பை, உறுமி, நாதஸ்வரம் என்று பெரிய எழுத்தில், ஆளுக்கொரு கலரில் இருந்தால் கதை வேறு. "தம்பி, அந்தப் பச்சை என்னுதுதானே? பாட்டு ஏறும்போது பம்பையைக் கொஞ்சம் அமத்துப்பா" என்று கை நீட்டிச் சொல்வார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். நாற்பது வருடம் மேளத்துக்குள்ளேயே நின்ற காது. அதை மிக்ஸிங்குக்குள் கொண்டுவர எந்த பிளகினும் விற்கவில்லை, எழுத்துரு அளவைக் கூட்டினால் வந்துவிடுகிறது.

பியானோ ரோலையும் விட வேண்டாம். சி, டி, இ என்கிற பெயர்களுக்குப் பதில் ரீப்பரின் மிடி எடிட்டரில் (அதன் பியானோ ரோல் இருக்கிற இடம்) நாம் எழுதிய பெயர்களை ஏற்றலாம். கட்டைக்கு, அதாவது பாடுகிறவரின் ஆதார சுருதிக்கு, ஒரு ஃபைல் செய்து வைத்தால், பாடுகிற அக்கா ஐந்து கட்டை என்றதும் ஜி இருக்கிற இடத்தில் 'ச' வந்து நிற்கும். சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்டின் ரேஞ்ச் பெரும்பாலான சிந்த்களில் (கீபோர்டு ஒலி தருகிற பிளகின்கள்) இரண்டு செமிடோன், அதாவது இரண்டு அரைச்சுரம்தான் வைத்திருப்பார்கள். அதற்குள் நாதஸ்வரத்தின் இழைவு எப்படி அடங்கும்? 12க்கு ஏற்றுங்கள். நிஜ நாதஸ்வரம் வைத்து எடுக்கிறீர்கள் என்றால், அதை முதலில் ரெக்கார்டு செய்துவிட்டு, கீபோர்டு ட்ராக்குகளின் டியூனிங்கை சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்தி அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரரை 440க்கு வரச் சொல்லக் கூடாது, அவர் எழுந்து போய்விடுவார், போவதும் நியாயம்.

பாடகரின் சுருதியைத் தானே திருத்துகிற ஆட்டோ-டியூனும் இந்தக் கதைதான். எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆன்டி ஹில்டிபிராண்ட் அந்தக் கணக்கைக் குரலுக்குத் திருப்பி 1997இல் கொண்டுவந்தது. அருமையான மூளை. ஆனால் திருத்துகிற வேகத்தைக் கூட்டி வைத்துக் கும்மிப் பாட்டில் போட்டால் கமகமும் போகும், பத்துப் பெண்கள் சேர்ந்து பாடுகிற அந்தப் படர்ந்த சத்தமும் போகும். கும்மிக் குழுவின் ட்ராக்கில் என் டெம்ப்ளேட்டில் அது இருக்கவே இருக்காது.

அப்புறம் கிளிக்கே வேண்டாத பாட்டுகள். அழகர் வர்ணிப்பு பாடுகிறவர் மூச்சுக்குத் தக்கபடி அடியை நீட்டுவார். ஒப்பாரிக்கு அவரவர் துக்கம்தான் தாளம். இதற்குத் தனி டெம்ப்ளேட் வையுங்கள். கட்டம் அணைத்தது, மெட்ரோனோம் அணைத்தது, துண்டுகள் எதை வைத்து இடம் பிடிக்கின்றன என்கிற டைம்பேஸ் பீட்டில் இல்லாமல் நேரத்தில். அப்போதுதான் பிறகு டெம்போ எண்ணைக் கை தவறி மாற்றினாலும் வெட்டி வைத்த துண்டுகள் இடம் மாறாது.

இரண்டு டெம்ப்ளேட்டையும் கட்டைப் பெயர் ஃபைல்களையும் கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன், ரீப்பர் 7க்கு. இன்பாக்ஸில் வாருங்கள். பம்பை ட்ராக்கில் நான் வைத்திருக்கிற ஈக்யூவை (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கிற அமைப்பு) மட்டும் அழித்துவிட்டுத்தான் தருவேன். அதை ஒருவர் என்னிடமே தன் சொந்த பிரிசெட் என்று விற்கப் பார்த்தார்.