தாய் கூடத் தங்குவது நூறு வருட வழக்கம் இல்லை

அண்ணா, "வெளிநாட்டில் தொற்றுநோய் வந்த குழந்தையோடு அம்மா தங்குவது நூறு வருட வழக்கம், வேலூரில்தான் வார்டு வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது" என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். வேலூர் பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த நூறு வருடக் கணக்கு தவறு.

பிரிட்டனில் தொற்றுநோய்க்கென்றே இருந்த காய்ச்சல் மருத்துவமனைகளில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஸ்கார்லெட் காய்ச்சல், தொண்டை அடைப்பான் வந்த பிள்ளைகளை வாரக்கணக்கில் தனியே வைத்தார்கள். பெற்றோர் பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். பல ஊர்களில் பிள்ளைக்கு ஓர் எண் கொடுப்பார்கள். உடல்நிலை எப்படி என்பது அந்த எண்ணோடு உள்ளூர்ப் பத்திரிகையில் வரும், பெற்றவள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கொடுமை இது!

நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920களிலேயே தாயையும் சேர்த்து அனுமதித்தார், சரி. ஆனால் அவர் விதிவிலக்கு. பெற்றோரைத் தடையின்றி உள்ளே விடச் சொன்ன, பிரிட்டன் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை 1959இல்தான் வந்தது. அப்புறமும் பல வார்டுகள் உடனே மாறவில்லை.

முகக்கவசம், கைகழுவும் வசதியோடு ஒரு துணைக்கு இடம் கேட்பது முழுக்க நியாயம். மனுவில் மட்டும் "நூறு வருடம்" என்பதை எடுத்துவிட்டு 1959 என்று போடுங்கள்.