அடுத்த வகுப்புப் புத்தகம் தீர்வில்லை
வேகமாகப் படிக்கும் குழந்தைக்கு அடுத்த வருடப் பாடத்தை இப்போதே டியூஷனில் முடித்துவிட வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, அதே பாடம் பிறகு வகுப்பில் வரும்போது சலிப்புதான் கூடும். என் மகளுக்கு எட்டு வயதிலேயே பின்னமும் தசமமும் தண்ணீர் பட்ட பாடு. சொல்லித்தர வந்தவர் புதுப் பாடம் எதையும் எடுக்கவில்லை, 1/8 என்பது 0.125 என்று நின்றுவிடுகிறது, 1/7 மட்டும் ஏன் 0.142857142857 என்று சுற்றிக்கொண்டே போகிறது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவளும் 1/3, 1/6, 1/20 என்று ஒவ்வொன்றாக வகுத்து, நோட்டெல்லாம் அடித்துத் திருத்தி, சுருக்கிய பின்னத்தின் கீழ் எண்ணின் காரணிகளில் 2, 5 தவிர வேறு பகா எண் இருந்தால் தசமம் முடியாது என்று பல நாள் கழித்துத் தானே கண்டுபிடித்தாள். மேலே கருத்து எழுதிய ஒருவர், கெட்டிக்காரக் குழந்தைக்கு டியூஷன் எதற்கு, தானே படித்துக்கொள்ளும் என்கிறார். எல்லாம் சட்டென்று வந்துவிடும் குழந்தைக்குத்தான் வராத கணக்கோடு மல்லாடிப் பழக்கமே இருக்காது, முதல் தடவை திணறும்போது பக்கத்தில் பொறுமையான ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும். அப்புறம், கணக்கு எவ்வளவு முன்னால் போனாலும் கையெழுத்தும் கோபமும் அழுகையும் எட்டு வயதுக்கு உரியவைதான், சொல்லித்தர வருபவரிடம் இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.